அண்ணன் நல்லவன்தான், ஆனாலும் டிரஸ்ட் வேண்டும்

‘எங்க காலத்துக்குப் பிறகு அவனை அவன் அண்ணன் பாத்துக்கிடுவான்.’ நெல்லைப் பக்கத்தில் எத்தனையோ பெற்றோர் இப்படிச் சொல்லக் கேட்டிருக்கிறேன். அறிவுசார் குறைபாடோ ஆட்டிசமோ உள்ள பிள்ளையின் பெயரில் சொத்து எழுதினால் யாராவது கைநாட்டு வாங்கி ஏமாற்றிவிடுவார்கள் என்ற பயம் அவர்களுக்கு. அதனால் வீட்டை மூத்தவன் பெயருக்குச் செட்டில்மென்ட் எழுதிவிட்டு, இளையவனை அவன் கையில் ஒப்படைக்கிறார்கள். பத்திரத்தில் இளையவனைப் பற்றி ஒரு வரிகூட இருக்காது. இந்த வழக்கத்தை விட்டுவிட்டு, அந்தப் பிள்ளைக்கென்று ஒரு குடும்ப டிரஸ்ட் எழுதி வையுங்கள் என்று கேட்கிறேன்.

அண்ணன்மார் மோசம் என்று நான் சொல்ல வரவில்லை. வங்கியில் கடன் பிரிவில் வேலை பார்த்தவன் நான். நல்ல அண்ணன்களின் வீடுகள் ஏலத்துக்கு வந்ததைப் பார்த்திருக்கிறேன். அவர்களில் ஒருவர், பேச்சு வராத தங்கையைக் கண்ணுக்குள் வைத்துக் காத்தவர். அப்பா எழுதிக் கொடுத்த வீட்டை வியாபாரத்துக்காக அடமானம் வைத்தார். தொழில் நொடித்துப் போனது. பத்திரப்படி வீடு அவருடையது, எனவே அடமானமும் செல்லும். அங்கேயே பிறந்து வளர்ந்த தங்கையின் பெயர் எந்தக் காகிதத்திலும் இல்லை. கடனே வாங்காத அண்ணனும் திடீரென்று இறந்துபோகலாம். அப்போது வீடு அவர் மனைவி மக்களுக்குப் போகும். அவர்கள் யாருக்கும் வாக்குக் கொடுத்தவர்கள் அல்லர்.

1882ஆம் ஆண்டின் இந்திய டிரஸ்ட் சட்டம் இதற்கு ஒரு வழி வைத்திருக்கிறது. சொத்து டிரஸ்டிகளின் பெயரில் இருக்கும், ஆனால் அதன் பயன் முழுவதும் பிள்ளைக்குத்தான். டிரஸ்டி சொந்தமாக வாங்கிய கடனுக்காக அதைக் கைப்பற்ற முடியாது. டிரஸ்டி இறந்தால் அவருடைய வாரிசுகளுக்கும் போகாது, அடுத்த டிரஸ்டியிடம் போகும். அதைத் தன் லாபத்துக்குப் பயன்படுத்தவும் அவருக்கு உரிமை இல்லை. வீடு, நிலம் என்றால் டிரஸ்ட் பத்திரத்தைச் சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிவு செய்ய வேண்டும். உயில் மூலமாகவும் டிரஸ்டை ஏற்படுத்தலாம். இதற்குக் கோடீஸ்வரராக இருக்க வேண்டியதில்லை. ஒரு வீடும் கொஞ்சம் டெபாசிட்டும் போதும். ஒன்றை மட்டும் நினைவில் வையுங்கள்: உங்கள் சொந்தச் சம்பாத்தியத்தையும் உங்கள் பங்கையும்தான் டிரஸ்டில் சேர்க்க முடியும், பூர்வீகச் சொத்தில் மற்றவர்களின் பங்கை அல்ல.

ஆனால் சட்டம் ஓர் இடத்தில் நம் பிள்ளைகளைக் கைவிடுகிறது. கணக்கைக் காட்டு என்று டிரஸ்டியைக் கேட்கும் உரிமையை அது பயனாளிக்குக் கொடுத்திருக்கிறது. நம் பிள்ளை எப்படிக் கேட்பான்? அவனுக்காகக் கேட்க ஒருவரைப் பத்திரத்திலேயே நியமிக்காவிட்டால், டிரஸ்ட் இருந்தும் பயனில்லை.

என் அக்கா இதைப் புரிந்துகொண்டிருந்தாள். பாளையங்கோட்டையில் அவள் வீட்டின் கீழ்ப்பகுதி வாடகைக்கு விட்டது, மாடியில் குடியிருப்பு. அவள் மகனுக்காக எழுதிய டிரஸ்டில் மூன்று டிரஸ்டிகள்: தாய்மாமன் நான், அவனுடைய தங்கை, அவன் படித்த சிறப்புப் பள்ளியிலிருந்து ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர். ‘சொந்தத்துக்குள்ள மூணு பேரும் இருந்தா யாரும் யாரையும் கேள்வி கேக்க மாட்டீங்க’ என்று அத்தானிடமும் என்னிடமும் தீர்மானமாகச் சொல்லிவிட்டாள். பணம் எடுக்க இரண்டு கையெழுத்து வேண்டும். அதில் ஒன்று டீச்சருடையதாக இருக்க வேண்டும். ஆண்டுதோறும் ஏப்ரலில் வாடகை, வட்டி, மருந்துச் செலவு, வீட்டு வரி எல்லாவற்றையும் டீச்சர் முன்னால் வைத்து வரிவரியாகப் பார்க்கிறோம். சமையல்காரம்மாவுக்கு ஏன் சம்பளம் கூட்டவில்லை என்று அவர் கேட்டிருக்கிறார். அவன் ஏன் இந்த வருஷம் கடலுக்குப் போகவில்லை என்றும் கேட்டிருக்கிறார்.

பத்திரத்தோடு அக்கா ஒரு கடிதமும் எழுதிச் சேர்த்திருக்கிறாள். அதற்குச் சட்டத்தில் எந்த இடமும் இல்லை. ஆனால் நாங்கள் அதிகம் புரட்டுவது அதைத்தான். பல் வலித்தால் சொல்லமாட்டான், கன்னத்தைத் தட்டிக்கொண்டே இருப்பான். சட்டைக் காலரின் உட்பக்கத்துத் துணிச்சீட்டை வெட்டிவிட வேண்டும், இல்லாவிட்டால் போடமாட்டான். நான்கு மணிக் காபி தாமதமானால் பதற்றமாகிவிடுவான். கூட்டமான கல்யாணத்துக்குக் கூட்டிப் போகாதீர்கள், மறுநாள் மணமக்களை வீட்டுக்கு அழையுங்கள். எழுதாமல் விட்டால் பெற்றவளோடு போய்விடும் செய்திகள் இவை. டிரஸ்ட் எழுத வக்கீலிடம் போவதற்கு முன்பே இந்தக் கடிதத்தைத் தொடங்கிவிடுங்கள்.

இன்னொன்றும் செய்தாள். உயிரோடு இருக்கும்போதே சிறு தொகையைப் போட்டு டிரஸ்டைத் தொடங்கிவிட்டாள். வீட்டைப் பிறகு உயிலில் டிரஸ்டுக்கு எழுதினாள். அவள் கண்முன்னே நாங்கள் டிரஸ்டை நடத்திப் பழகினோம். பத்திரத்தின் மூலம் ஏற்படுத்திய டிரஸ்டை, ரத்து செய்யும் அதிகாரத்தை அதிலேயே வைத்திருந்தாலொழிய, நினைத்தபடி திரும்பப் பெற முடியாது. உயிலை வாழ்நாள் உள்ளவரை மாற்றலாம். குடியிருக்கும் வீட்டைப் பொறுத்தவரை அவள் செய்தது சரியென்றே நினைக்கிறேன்.

வருமான வரியில் கவனம் தேவை. யாருக்கு எவ்வளவு என்பதை டிரஸ்டிகளின் விருப்பத்துக்கு விட்டு எழுதினால், பொதுவாக வருமானம் முழுவதற்கும் உச்சபட்ச விகிதத்தில் வரி விழும். விதிவிலக்குகள் சில உண்டு. ஒரே பயனாளி, முழுப் பங்கும் அவனுக்கே என்று தெளிவாக எழுதினால் அவனுடைய வருமான அளவுக்கு ஏற்ற வரிதான். பத்திரத்தில் ஒரு வாக்கியம் மாறினால் ஆண்டுதோறும் பணம் போகும். கணக்குத் தணிக்கையாளரிடம் காட்டாமல் கையெழுத்துப் போடாதீர்கள்.

டிரஸ்ட் சொத்தைத்தான் பார்க்கும். பிள்ளைக்குக் காப்பாளர் தனியாக வேண்டும். 18 வயது முடிந்ததும் பெற்றோர்கூடச் சட்டப்படி தாமாகவே காப்பாளர்களாக நீடிப்பதில்லை என்பது பலருக்குத் தெரியாது. ஆட்டிசம், மூளை முடக்குவாதம், அறிவுசார் குறைபாடு, பல்வகைக் குறைபாடு உள்ளவர்களுக்கு 1999ஆம் ஆண்டின் தேசிய அறக்கட்டளைச் சட்டப்படி மாவட்ட ஆட்சியர் இடம்பெறும் உள்ளூர்க் குழு காப்பாளரை நியமிக்கிறது. நியமனமானவர் ஆறு மாதத்துக்குள் சொத்துப் பட்டியலையும், பிறகு ஆண்டுதோறும் கணக்கையும் கொடுக்க வேண்டும்.

டிரஸ்ட் என்று சொன்னதும், கடன்காரர்களிடமிருந்து சொத்தை மறைக்க முடியுமா என்று கேட்பவர்கள் உண்டு. கூடாது. கடன் கொடுத்தவரை ஏமாற்றச் சொத்தை மாற்றி எழுதினால், அவர் கேட்கும்போது அந்த மாற்றத்தை நீதிமன்றம் செல்லாததாக்கும். அப்படிச் செய்பவர்களால் நிஜமான தேவை உள்ள குடும்பங்களின் மேலும் சந்தேகம் விழுகிறது. எனக்கு அதில் கோபம் உண்டு.

அரசிடம் இரண்டு கேட்கிறேன். குடும்பத்தினருக்கு எழுதும் செட்டில்மென்டுக்குத் தமிழ்நாட்டில் முத்திரைக் கட்டணத்துக்கு உச்சவரம்பு இருக்கிறது. மாற்றுத்திறனாளிப் பிள்ளைக்காகப் பெற்றோர் வீட்டை டிரஸ்டில் வைக்கும்போதும் அதே சலுகை உண்டு என்று பதிவுத்துறை வெளிப்படையாக அறிவிக்கட்டும். அண்ணன் பெயருக்கு எழுதுவது மலிவாகவும் பிள்ளையின் பாதுகாப்புக்கு எழுதுவது செலவாகவும் இருந்தால், சாதாரணக் குடும்பங்கள் மலிவானதைத்தான் செய்யும். அடுத்தது, காப்பாளர் விண்ணப்பத்தோடு ஆட்சியர் அலுவலகத்துக்கு வரும் பெற்றோருக்கு அங்கேயே, மாவட்ட இலவச சட்ட உதவி மையத்தின் வழக்கறிஞர் ஒருவர் உட்கார்ந்து, ஒரு மாதிரி டிரஸ்ட் பத்திரத்தைத் தமிழில் கொடுத்து விளக்க வேண்டும். குழுவும் மையமும் ஏற்கெனவே இருக்கின்றன. இரண்டையும் ஒரே அறையில் உட்காரவைக்க மாவட்ட ஆட்சியர் முயற்சி எடுத்தாலே போதும்.