சூட்டு வலியா, பிரசவ வலியா?

எங்க பக்கத்துல பழைய ஆளுங்க யாரும் 'பொய் வலி'ன்னு சொல்ல மாட்டாங்க. சூட்டு வலிம்பாங்க. உடம்புல சூடு ஏறிப்போச்சு, அதனால வயிறு இழுத்துப் பிடிக்குது, சூடு தணிஞ்சா வலியும் போயிடும் என்பது அவங்க கணக்கு. பொய் வலிங்கிற பேச்சு ஆஸ்பத்திரியில இருந்து ஊருக்குள்ள வந்தது. எனக்கு அந்தச் சொல் பிடிக்கலை. வயிறு இறுகினது நிஜம், வலிச்சதும் நிஜம். குழந்தை இன்னும் கிளம்பலை, அவ்வளவுதான். ஆனா "பொய் வலிதானாம், திருப்பி அனுப்பிட்டாங்களாம்" என்று தெருவுல ஒரு தடவை பேச்சு வந்துட்டா, அந்தப் பொண்ணு என்னமோ பொய் சொல்லி ஊரைக் கூட்டின மாதிரி ஆகிப்போகுது.

ஆம்பளைக்கு இதுல என்ன பேச்சுன்னு கேட்கலாம். ராத்திரி ரெண்டு மணிக்கு வண்டிக்கு யாரைக் கூப்பிடறது, காசு எங்க புரட்டறது, இப்பவே போலாமா விடியட்டுமான்னு முடிவு பண்றது கிராமத்துல இன்னைக்கும் ஆம்பளைங்கதான். அப்ப அவங்களுக்கும் இது தெரிஞ்சிருக்கணும் இல்லீங்களா?

கர்ப்பப்பை ஒரு தசைப் பை. மாசம் ஏற ஏற அது அப்பப்ப இறுகும், விடும். 1872ல் பிராக்ஸ்டன் ஹிக்ஸ் என்ற இங்கிலாந்து டாக்டர் இதை எழுதி வெச்சார், அவர் பேராலேயே இன்னைக்கும் சொல்றாங்க. கடைசி மாசத்துல இந்த இறுக்கம் அடிக்கடி வரும், வலியாவும் வரும். மேகம் கூடிக் கூடிக் கலையற மாதிரிதான். எந்த மேகம் பெய்யும்னு முதல் இருட்டுலயே சொல்ல முடியாது.

எங்க ஊர் வழக்கம் என்னன்னா, வலின்னு சொன்ன உடனே சீரகத்தைக் கொதிக்க வெச்சுக் குடுப்பாங்க. வெந்நீர் ஊத்துவாங்க. சூட்டு வலியா இருந்தா அடங்கிடும், நெசமான வலியா இருந்தா கூடும். இதைக் கேட்டு சிரிக்கிற படிச்சவங்க உண்டு. நான் சிரிக்க மாட்டேன். சீரகத்துக்கு அந்த சக்தி இருக்கோ இல்லையோ, உடம்புல தண்ணி குறைஞ்சாலும் வயிறு இப்படி இறுகும்னு டாக்டருங்களே சொல்றாங்க. ஒரு சொம்பு தண்ணி குடிச்சு, வெந்நீர்ல குளிச்சு, இடது பக்கமா சாய்ஞ்சு படுத்தா பல பேருக்கு அடங்கிடும். அதை விட முக்கியம், கஷாயத்தைக் குடுத்துட்டு ஒரு கிழவி ஒரு மணி நேரம் பக்கத்துலயே உட்கார்ந்து அந்தப் பொண்ணு முகத்தைப் பார்த்துக்கிட்டு இருப்பா. பரிசோதனைன்னா அதுதான் பரிசோதனை. (விளக்கெண்ணெய் குடிக்கக் குடுக்கற பழக்கமும் சில வீட்ல இருக்கு. அது வேண்டாம். வயித்தால போயி, இருக்கற தெம்பும் போயிடும்.)

அந்தக் கிழவி பார்த்ததை இன்னைக்கு செல்போன் கடிகாரத்தை வெச்சு நாமளும் பார்க்கலாம். ஒரு வலி ஆரம்பிச்ச நேரம், அடுத்த வலி ஆரம்பிச்ச நேரம், ஒவ்வொண்ணும் எவ்வளவு நேரம் நின்னுச்சு, இதைக் காலண்டர் பின்னாடி குறிச்சு வெச்சாப் போதும். பத்து நிமிஷத்துல ஒண்ணு, அப்புறம் அரை மணி கழிச்சு ஒண்ணு, அப்புறம் காணோம், எழுந்து நடந்தா குறையுது, படுத்தா குறையுது, முன் வயித்துல மட்டும் பிடிக்குது என்றால் பெரும்பாலும் சூட்டு வலி. நெசமான வலிக்கு ஒரு ஒழுங்கு வந்துடும். இடைவெளி சுருங்கும், ஒவ்வொரு வலியும் நீளும், பலமும் கூடும். நிறைய பேருக்கு இடுப்புல ஆரம்பிச்சு முன்னாடி சுத்தி வரும். நடந்தாலும் படுத்தாலும் நிக்காது. வலி நடுவுல பேச்சு வராது. சளி மாதிரி, லேசா ரத்தக்கோடு ஓடினது பட்டாலும் நேரம் நெருங்குதுன்னு அர்த்தம்.

அஞ்சு நிமிஷத்துக்கு ஒரு வலி, ஒவ்வொண்ணும் ஒரு நிமிஷம், இப்படியே ஒரு மணி நேரம் போனா கிளம்புன்னு டவுன்ல சொல்ற கணக்கு ஒண்ணு இருக்கு. முதல் பிரசவத்துக்கு, ஆஸ்பத்திரி பக்கத்துல இருக்கறவங்களுக்கு அது சரி. ரெண்டாவது, மூணாவது பிரசவம்னா அவ்வளவு நேரம் கிடைக்காது. எங்க மாதிரி ஊர்ல இருந்தா முதல் பிரசவத்துக்கும் அந்தக் கணக்கு ஆகாது.

சில விஷயத்துக்கு மட்டும் கடிகாரமும் வேண்டாம், சீரகமும் வேண்டாம். பனிக்குடம் உடைஞ்சு தண்ணி போனா, அதுவும் பச்சையாவோ பழுப்பாவோ போனா, ரத்தம் பட்டா, வயித்துல குழந்தை அசைவு குறைஞ்சா, தலைவலி பிளந்து கண்ணு மங்கினா, முகம் வீங்கினா, வெட்டு வந்தா, வலி இருந்தாலும் இல்லாட்டியும் உடனே கிளம்பணும். 37 வாரம் முடியறதுக்கு முன்னாடி வயிறு ஒழுங்கா இறுக ஆரம்பிச்சாலும் அப்படித்தான்.

இவ்வளவும் தெரிஞ்சிருந்தாலும், நெசமான வலியோட ஆரம்பம் சூட்டு வலி மாதிரியேதான் இருக்கும். கர்ப்பப்பை வாய் திறக்குதா இல்லையான்னு கையை வெச்சுப் பார்த்துத்தான் சொல்ல முடியும். அப்பக்கூட ஒரு தடவை பார்த்தா பத்தாது, ரெண்டு மணி நேரம் கழிச்சு மறுபடி பார்க்கணும். முதல் குழந்தைக்கு இந்த ஆரம்ப கட்டமே ஒரு நாள் பூரா இழுக்கலாம். அனுபவப்பட்ட டாக்டருக்கே நேரம் எடுக்கிற விஷயத்தை, கிராமத்து வீட்ல ஒரு மாமியாரும் மருமகளும் ராத்திரி லைட்டு வெளிச்சத்துல சரியா சொல்லிடணும்னு எதிர்பார்க்கிறோம். தப்பாச் சொல்லிட்டா சிரிக்கிறோம்.

எங்க தெருவுல ஒரு மருமகப் பொண்ணு. ரெண்டாவது பிரசவம். நாலு நாள்ல ரெண்டு தடவை ஆஸ்பத்திரி போய்த் திரும்பி வந்தா. முதல் தடவை வாடகை வேன், ஆயிரத்து இருநூறு ரூபாய். திரும்பி வரும்போது பஸ், அப்புறம் ஷேர் ஆட்டோ. ரெண்டாவது தடவை அங்க இருந்த ஒருத்தங்க, "ஒரு பிள்ளை பெத்தவதானே, இதுகூடத் தெரியாதா?" என்று கேட்டுட்டாங்க. வீட்லயும் வேன் வாடகையைப் பத்தி முணுமுணுப்பு. மூணாவது ராத்திரி வலி வந்தப்ப அவ யாரையும் எழுப்பலை. பல்லைக் கடிச்சுக்கிட்டு விடிகாலை பால் கறக்கற நேரம் வரைக்கும் இருந்திருக்கா. 108 வந்துச்சு. ஆத்துப் பாலம் தாண்டறதுக்குள்ள வண்டியிலேயே குழந்தை பொறந்துடுச்சு. வண்டியில வந்த தம்பி கெட்டிக்காரர், ரெண்டு உயிரும் நல்லா இருக்கு. ஒரு மாசம் கழிச்சு ஏம்மா இப்படிப் பண்ணினேன்னு கேட்டேன். "மூணாவது தடவையும் சூட்டு வலின்னு சொல்லிட்டா, எந்த மூஞ்சிய வெச்சுக்கிட்டு திரும்பி வர்றது மாமா?" என்றாள்.

மாட்டோட ஒப்பிடறேன்னு கோவிச்சுக்காதீங்க. சினை மாட்டுக்கு மடி இறங்கி, வாலடி தளர்ந்து குழி விழுந்துட்டா, நாங்க டார்ச் லைட்டை எடுத்துக்கிட்டு மூணு ராத்திரி தொழுவத்துல படுப்போம். இன்னைக்குப் போடும்னு நினைச்சது நாலு நாள் கழிச்சுக் கன்னு போடும். எந்த மாட்டையும் "சும்மா எங்களை அலைய விட்டுட்டியே"ன்னு யாரும் திட்டினது கிடையாது.

ஆஸ்பத்திரிக்காரங்க மேல மட்டும் பழி போட எனக்கு இஷ்டமில்லை. தமிழ்நாட்டுல நூத்துக்கு 99.6 பிரசவம் ஆஸ்பத்திரியிலதான் நடக்குதுன்னு 2019-21 தேசிய குடும்ப நலக் கணக்கெடுப்பு சொல்லுது. என்னைப் பெத்த காலத்துல எங்க ஊர்ல மருத்துவச்சி ஆத்தாவும் அரிக்கேன் விளக்கும்தான். இப்ப இருக்கிறது சின்ன விஷயமில்லை. ஒரே ராத்திரியில நாலு பிரசவம் பார்க்கிற நர்ஸம்மாவுக்கு, இன்னும் வாய் திறக்காத அஞ்சாவது பொண்ணுக்குக் கட்டில் தர முடியாதுன்னும் புரியுது.

ஆனா "வீட்டுக்குப் போங்க, வலி கூடினா வாங்க" என்ற அதே வார்த்தைக்கு ரெண்டு அர்த்தம் இருக்கு. பத்து நிமிஷத் தொலைவுல இருக்கற உங்களுக்கு அது நல்ல ஆலோசனை. சொந்த வீட்ல, சொந்தக் கட்டில்ல, நடந்துக்கிட்டும் சாப்பிட்டுக்கிட்டும் ஆரம்ப வலியைக் கடத்தறது ஆஸ்பத்திரி பெஞ்சுல கிடக்கறதை விட நல்லதுதான். 28 கிலோமீட்டர் தள்ளி, கடைசி பஸ் ஒன்பதரைக்குப் போயிடற ஊர்க்காரிக்கு அதே வார்த்தை சூதாட்டம். பிரசவம் முடிஞ்சவங்களைக் கொண்டு வந்து விட அரசாங்க வண்டி இருக்கு. வலி இல்லைன்னு திருப்பி அனுப்பினவங்க அப்படி ஒரு வண்டியில வந்து இறங்கினதை எங்க ஊர்ல நான் இதுவரைக்கும் பார்த்ததில்லை.

மலைக் கிராமங்களுக்குன்னு சில ஆரம்ப சுகாதார நிலையங்கள்ல பிரசவக் காத்திருப்பு அறை வெச்சிருக்காங்க. நாள் நெருங்கினவங்க முன்னாடியே வந்து தங்கிக்கலாம். சமவெளின்னா ரோடு இருக்கு, அப்புறம் என்னன்னு நினைக்கிறாங்க போல. ஐப்பசி மழையில எங்க தரைப்பாலத்தைப் பார்த்தா அப்படி நினைக்க மாட்டாங்க. பெரிசா ஒண்ணும் வேண்டாம். ரெண்டு கட்டில், ஒரு ஃபேன், கக்கூஸ், வெந்நீர், ரெண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை எட்டிப் பார்க்க ஆள். சூட்டு வலியா இருந்தா காலையில பஸ் ஏறிப் போகட்டும்.

உங்கள்ல பல பேர் முதல் பிரசவத்துக்குப் பொண்ணு ஊருக்கு வரட்டும்னு வளைகாப்பு போட்டு அனுப்பறவங்க. அனுப்பறதுக்கு முன்னாடி ராத்திரியில ஆஸ்பத்திரி எவ்வளவு தூரம், தெருவுல யார்கிட்ட வண்டி இருக்கு, ஸ்கேன் ரிப்போர்ட்டும் பிக்மி நம்பரும் எந்தப் பையில இருக்குன்னு கேட்டு வெச்சுக்கோங்க. உங்க வீட்டு வேலைக்கு வர்ற பொண்ணு பிரசவத்துக்கு ஊருக்குப் போறான்னா அவகிட்டயும் கேளுங்க. 108 விபத்துக்கு மட்டும்னு நினைக்கிறவங்க இன்னும் இருக்காங்க, வலி சந்தேகமா இருந்தாலும் கூப்பிடலாம்னு சொல்லி அனுப்புங்க.

காத்திருப்பு அறை கேட்டு அக்டோபர் 2 கிராம சபைக்கு ஒரு தீர்மானம் எழுதி வெச்சிருக்கோம். இதுவரைக்கும் ஒன்பது பேர் கையெழுத்துப் போட்டிருக்காங்க. அதுல ஆறு பேர் மாமியாருங்க.