நடக்கச் சொல்லும் டாக்டரும் நகர விடாத தறியும்

நீரிழிவு பணக்காரர் நோய் என்று ஒரு காலத்தில் சொன்னார்கள். மெத்தையில் சாய்ந்து நெய்ச்சோறு உண்பவருக்கு வருவது, உழைத்துப் பிழைப்பவனை அது என்ன செய்யும் என்று நம் வீட்டுப் பெரியவர்களும் நம்பினார்கள். இன்று சங்கரன்கோவிலில் ஒரு விசைத்தறிக் கூடத்துக்குள் போய் ஜன்னல் மாடத்தைப் பாருங்கள் தோழர்களே! தீப்பெட்டிக்குப் பக்கத்தில் சர்க்கரை மாத்திரையும் இரத்த அழுத்த மாத்திரையும் இருக்கின்றன. பணக்காரர் வீட்டுச் செல்வம் ஏழை வீட்டுக்கு வந்ததோ இல்லையோ, நோய் வந்து சேர்ந்துவிட்டது.

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆதரவில் நடந்த பேராய்வு 2023-ல் வெளியாயிற்று. நாட்டில் நீரிழிவுக்காரர் 10 கோடியைத் தாண்டிவிட்டனர். தமிழ்நாட்டில் வளர்ந்தவர் நூறு பேரில் 14 பேருக்கு மேல் அந்நோய் இருக்கிறது என்று அது கூறுகிறது.

ஏன் வந்தது? குழித்தறி காலத்தை எண்ணிப் பாருங்கள். காலால் மிதித்து, கயிற்றை இழுத்து நாடாவை ஓட்டி, நெசவாளியின் உடம்பே இயந்திரமாக வேலை செய்தது. விசைத்தறியில் அந்த வேலையை மோட்டார் செய்கிறது. தொழிலாளி அறுந்த இழையை முடிகிறான், தார் மாற்றுகிறான், தறிக்குத் தறி நாலடி நகர்கிறான், மறுபடி நிற்கிறான். காலுக்கு வலி உண்டு. உடம்புக்கு உழைப்பு இல்லை. ஆனால் தட்டில் விழும் சோறு மட்டும் பாட்டன் காலத்து அளவுதான்! பாட்டன் தின்றது கரிசல் காட்டுக் கம்பும் சோளமும். பேரன் தின்பது பட்டை தீட்டிய அரிசி. இரவானால் மைதா பரோட்டா.

அவன் ஆஸ்பத்திரிக்குப் போகிறான். நீண்ட வரிசை. டாக்டருக்குக் கிடைப்பதோ ஆளுக்கு இரண்டு நிமிடம். “நடங்க, சோத்தைக் குறைங்க, உப்பைக் குறைங்க, பீடியை விடுங்க” என்கிறார். அடுத்த சீட்டு வந்துவிடுகிறது.

அந்த யோசனை தவறா? இல்லவே இல்லை. சென்னையில் மருத்துவர் இராமச்சந்திரன் குழுவினர், நீரிழிவின் வாசற்படியில் நின்ற 531 பேரை வைத்து ஓர் ஆய்வு நடத்தி 2006-ல் முடிவை வெளியிட்டனர். ஒன்றும் செய்யாமல் விடப்பட்டவர்களில் மூன்று ஆண்டுகளில் நூற்றுக்கு 55 பேர் நோயாளிகளாயினர். உணவையும் உழைப்பையும் சீராக்கும்படி அடிக்கடி நினைவூட்டப்பட்டவர்களில் அது 39 ஆகக் குறைந்தது. மாத்திரை கொடுக்கப்பட்டவர்களிலும் ஏறக்குறைய அதே குறைவுதான். அதாவது, நடையும் நல்லுணவும் மாத்திரைக்கு நிகராக நின்றன. கவனியுங்கள்: அடிக்கடி நினைவூட்டினார்கள், இரண்டு நிமிடத்தில் சொல்லி அனுப்பிவிடவில்லை.

ஆகவே, சிகிச்சையில் இதையும் ஒரு பாகமாக்குங்கள் என்கிறோம். ஆரம்ப சுகாதார நிலையத்து மாத்திரைச் சீட்டிலேயே எழுதுங்கள்: “இரவில் ஒரு கரண்டி சோறு குறைவு, அவித்த பயறு ஒரு கைப்பிடி கூடுதல்.” அடுத்த மாதம் மாத்திரை வாங்க வரும்போது, செய்தாயா என்று கேளுங்கள். முடியவில்லை என்றால் ஏன் என்று கேளுங்கள். 2021 ஆகஸ்ட் 5-ந் தேதி தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ வீட்டு வாசலுக்கே பெண் தன்னார்வலர்களை அனுப்பியது. நல்ல காரியம், மனமாரப் பாராட்டுகிறோம். அந்தச் சகோதரிகளுக்கு டாக்டருக்குக் கிடைக்காத ஒரு வசதி உண்டு: அடுப்படியைப் பார்க்கலாம். நாளுக்கு 5 கிராம் உப்புக்குள் நிறுத்துங்கள் என்கிறது உலக சுகாதார நிறுவனம், ஒரு தேக்கரண்டிதான். ஊறுகாயும் கருவாடும் அப்பளமும் சேர்ந்தால் அது எங்கே நிற்கும் என்பதை, பக்கத்தில் உட்கார்ந்து எடுத்துச் சொல்ல அவர்களால் முடியும். ஆனால் அவர்கள் பகலில் வீட்டுக்கு வரும்போது நம் ஆள் தறியடியில் நிற்கிறானே! 2024-ல் தொழிலாளரைத் தேடியே மருத்துவம் என்று ஒரு திட்டம் வந்தது. பெரிய தொழிற்சாலை வாசலோடு நில்லாமல், நாலு தறி ஓடும் சந்துக்குள்ளும் அது வர வேண்டும்.

(ஓர் எச்சரிக்கை. பத்தியம் இருந்தால் போதும், மாத்திரையைத் தூக்கி எறி என்று சொல்லும் வைத்திய வியாபாரிகள் இருக்கிறார்கள். அவர்கள் பேச்சைக் கேட்டு யாரும் மாத்திரையை நிறுத்திவிட வேண்டாம்.)

இத்தனையும் செய்தாலும் அவன் எப்போது நடப்பான்? பன்னிரண்டு மணி நேரம் தறி. நெய்த அளவுக்குத்தான் கூலி. அரைமணி நடந்தால் அரைமணிக் கூலி போயிற்று. வீட்டில் மனைவி பீடித் தட்டை மடியில் வைத்துக் குனிந்தபடி ஆயிரத்தை எண்ணிக்கொண்டிருக்கிறாள். விடச் சொன்ன பீடிதான் அந்த வீட்டுக்கு அரைவயிற்றுச் சோறு!

ஆஸ்பத்திரி ‘குறை’ என்கிறது; ரேஷன் கடையோ அரிசியையும் சர்க்கரையையும் பாமாயிலையும் ‘இந்தா’ என்கிறது. உடனே, இலவச அரிசியை நிறுத்து என்று கிளம்பும் கனவான்களுக்கு நாம் இடம் கொடுக்கவில்லை. பசியை விரட்டிய அரிசி அது. ஒரு மணி குறையக் கூடாது. நீலகிரியிலும் தருமபுரியிலும் 2023-ல் அரிசிக்குப் பதில் இரண்டு கிலோ கேழ்வரகு கொடுக்கத் தொடங்கினார்களே, அதைப்போல் இங்கே விரும்புகிறவனுக்குக் கம்பு கொடு, பயறு கொடு என்றுதான் கேட்கிறோம்.

நம் பக்கத்துக் குறையையும் ஒளிக்க வேண்டாம். சங்கக் கூட்டம் என்றால் வடையும் இரட்டைச் சர்க்கரை டீயும் பீடிப் புகையும்தான். தீர்மானம் நிறைவேறுவதற்குள் பாதிப் பேருக்கு இரத்த அழுத்தம் ஏறிவிடும்.

1923-ல் சென்னையில் சிங்காரவேலர் மே தினக் கொடி ஏற்றினார். எட்டு மணி நேர வேலை என்பது அன்று தொட்டு நாம் முழங்கும் முழக்கம். நூறாண்டு கடந்தும் சந்துத் தறிக்கு அது வரவில்லை. அடுத்த கூலிப் பேச்சுவார்த்தைக்குப் போகும் தோழர்கள் கோரிக்கைத் தாளில் இன்னும் இரண்டு வரி சேர்க்கட்டும்: வாரம் ஒரு நாள் கூலியோடு ஓய்வு, ஒவ்வொரு ஷிப்டிலும் கூலி பிடிக்காமல் அரைமணி இடைவேளை. முதலாளிமார் சிரிப்பார்கள், சிரிக்கட்டும். அதுவரை, சங்க அலுவலகத்து மேஜைமேல் இரத்த அழுத்தம் பார்க்கும் கருவி ஒன்றை வாங்கி வைத்து, ஷிப்டு மாறும் நேரத்தில் பார்த்து எழுத ஒரு தோழரை உட்கார வைக்க யாரிடமும் அனுமதி கேட்க வேண்டியதில்லை.