எந்த மஞ்சள், யாருடைய மஞ்சள்?

திரைப்பட ஆய்வேடுகளின் இறுதியில் ஒரு படப்பட்டியல் இருக்கும். அதில் ‘தி குட், தி பேட் அண்ட் தி அக்லி, செர்ஜியோ லியோனி, 1966’ என்றொரு வரி. பாடபேதம் பாராமல் பழம்பாடலை எடுத்தாளும் மாணவரைக் கடிந்துகொள்ளும் பல்கலைக்கழகம், இவ்வரியை மட்டும் கேள்வியின்றி ஏற்றுக்கொள்கிறது. ஆய்வாளர் 1966-இல் ரோம் நகரத்து அரங்கில் அமர்ந்திருந்தவர் அல்லர். அவர் பார்த்தது ஒரு வட்டு. அல்லது அறிவிப்பின்றி எந்நாளும் மாற்றப்படக்கூடிய ஓர் இணையக் கோப்பு.

அப்பெயரில் உலவுவது ஒரே படமும் அன்று. 1967 இறுதியில் அமெரிக்காவில் வெளியான வடிவம் 161 நிமிடம். 2003-இல் எம்ஜிஎம் உருவாக்கிய நீட்டிப்பு 179 நிமிடம். சேர்க்கப்பட்ட காட்சிகளுக்கு ஆங்கில ஒலி இல்லாமையால், எழுபதைக் கடந்த ஈஸ்ட்வுட்டும் எண்பதைக் கடந்த ஈலை வாலக்கும் தம் பழைய உருவங்களுக்குப் புதிதாகக் குரல் கொடுத்தனர். 1989-இல் மறைந்த லீ வான் கிளீஃபுக்காக வேறொருவர் பேசினார். (வாலக்கின் முதுமை அக்குரலில் அப்பட்டமாகக் கேட்கிறது.) டுக்கோ குகைக்குள் கூட்டாளிகளைத் தேடிச் செல்லும் காட்சியோ, ரோம் முதற்காட்சிக்குப் பின் லியோனியே நீக்கியது. இயக்குநர் தாமாக வெட்டியதை, அவர் மறைந்து 14 ஆண்டுகளுக்குப் பின் ஒட்டவைத்து, அதற்கு ‘மீட்டெடுப்பு’ என்று பெயரும் சூட்டினார்கள். அப்பதிப்பின் 5.1 ஒலித்தடத்தில் பழைய துப்பாக்கி வேட்டொலிகள் பல புதியவற்றுக்கு இடம் விட்டன. லியோனியின் ஒலியழகியல் பற்றிய கட்டுரைகளுள் எத்தனை இந்தப் புத்தொலியைக் கேட்டு எழுதப்பட்டவை?

நிறத்தின் கதை இதனினும் மோசம். 2014-இல் வந்த 4கே மீட்டெடுப்பில் படம் முழுவதும் மஞ்சள் படர்ந்தது. வெண்மேகம் பழுத்தது, நீலவானம் பசுமை தட்டியது. லியோனி அப்போது இல்லை. ஒளிப்பதிவாளர் டோனினோ டெல்லி கொல்லியும் 2005-இலேயே மறைந்துவிட்டார். 2017-இல் வேறொரு நிறுவனம் அம்மஞ்சளைக் குறைத்து வெளியிட்டது. இந்நிலையில், பாலைவெளியின் வெம்மையை நிறத்தாலேயே உணர்த்திய இயக்குநர் என்று எழுதுபவர் பாராட்டுவது யாரை? ஆய்வகத்தில் வண்ணம் திருத்தியவரையாக இருக்கலாம்.

மங்கிய நெகட்டிவோடு போராடுபவர் ஏதேனும் ஒரு தேர்வைச் செய்தே தீரவேண்டும் என்பார்கள். உண்மை. ஆனால் தேர்வு என்பது பதிப்பாசிரியரின் செயல். பதிப்பாசிரியர் குறிப்பு எழுதக் கடமைப்பட்டவர். வட்டின் மேலுறையில் ‘புத்தம் புதிய மீட்டெடுப்பு’ என்ற விளம்பரம் இருக்கிறது. எதை ஒப்புநோக்கி இந்நிறம் அமைந்தது என்ற விவரம் பெரும்பாலும் இல்லை.

துகள் நீக்கும் வெறியும் இத்தகையதே. இப்படம் டெக்னிஸ்கோப்பில் எடுக்கப்பட்டது. வழக்கமான நான்கு துளை உயரத்துக்குப் பதிலாக ஒரு சட்டகத்துக்கு இரண்டே துளை. படச்சுருள் செலவு பாதி, சட்டகப் பரப்பும் ஏறத்தாழப் பாதி. ஆகவே துகள் தூக்கலாகத் தெரிவது இயல்பு. எட்டுத் துளை அகல விஸ்டாவிஷனில் ஃபோர்டு எடுத்த ‘தி சர்ச்சர்ஸ்’ போல அது வழவழப்பாக இருக்கவேண்டும் என்று எதிர்பார்ப்பது அறியாமை. துகளைத் துடைக்கும்போது முகச்சுருக்கமும் வியர்வையும் சேர்ந்தே போகின்றன. மிஞ்சுவது மெழுகுப் பொம்மை. லியோனியின் அண்மைக் காட்சிகளுக்கு இதைவிடப் பெரிய தீங்கு இருக்கமுடியாது.

ஸ்பெயினின் புர்கோஸ் பகுதியில், இறுதிக்காட்சி படமான சாட் ஹில் இடுகாட்டை 2015 முதல் தன்னார்வலர்கள் மண்வெட்டியால் தோண்டி மீட்டனர். படிந்த மண்ணை அகற்றி அடியிலிருந்த கல் வட்டத்தை அவர்கள் வெளிக்கொணர்ந்தார்கள், மஞ்சள் பூசவில்லை.

வட்டுகளின் விலை அதிகம், நூலகங்கள் வாங்குவதில்லை என்ற மாணவர் தரப்பு நியாயமானதுதான். ஆனால் களவுப்படி பார்த்தவரும் அது எத்தனை நிமிடம் ஓடியது என்று எழுதலாமே. வெளியீட்டு ஆண்டு, ஓடும் நேரம், கேட்ட ஒலித்தடம் ஆகிய மூன்றும் இல்லாத படப்பட்டியலை மதிப்பீட்டாளர்கள் திருப்பி அனுப்பட்டும்.