விற்க முடியாத அணி

அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்தில், மிச்சிகன் ஏரி நிலத்துக்குள் நீண்டு ஒடுங்கும் இடத்தில் கிரீன் பே என்ற ஊர் இருக்கிறது. காகித ஆலைகளும் இறைச்சி பதனிடும் ஆலைகளும் பிழைப்புக் கொடுத்த ஊர். 2020 கணக்கெடுப்பின்படி மக்கள்தொகை சுமார் 1,07,000. நியூயார்க், சிகாகோ, டல்லஸ், லாஸ் ஏஞ்சலஸ் போன்ற மாநகரங்கள் அணி வைத்திருக்கும் நேஷனல் ஃபுட்பால் லீக்கில் இந்த ஊருக்கும் ஓர் அணி உண்டு. பெயர் பேக்கர்ஸ். முட்டை வடிவப் பந்தைக் கையில் ஏந்தி ஓடும் அந்த அமெரிக்க ஆட்டத்தில் 13 முறை சாம்பியன் ஆகியிருக்கிறது. வேறெந்த அணியும் இத்தனை முறை வென்றதில்லை. அதைவிட வியப்பான செய்தி, இந்த அணிக்கு முதலாளி என்று ஒருவரும் கிடையாது.

பேக்கர்ஸ் கதையைச் சொல்பவர்கள் வழக்கமாக ஊர்ப் பாசத்தில் தொடங்கி அதிலேயே முடிப்பார்கள். சின்ன ஊர், பெரிய மனசு, ஆளுக்குக் கொஞ்சம் போட்டு அணியைக் காப்பாற்றிய ஜனங்கள். இதில் பொய்யில்லை. ஆனால் பாசம் கிரீன் பேயில் மட்டுமா இருந்தது? ஒஹாயோவின் கேன்டன், பென்சில்வேனியாவின் பாட்ஸ்வில், மினசோட்டாவின் டுலூத், இல்லினாயின் ராக் ஐலண்ட், விஸ்கான்சினிலேயே ராசின், கெனோஷா என 1920-களின் லீக்கில் சிற்றூர் அணிகள் நிறைய இருந்தன. கேன்டன் 1922, 1923 இரண்டு ஆண்டும் சாம்பியன். அங்கேயும் ஞாயிற்றுக்கிழமை தொண்டை கிழியக் கத்திய ரசிகர்கள் இருந்தார்கள். பத்துப் பதினைந்து ஆண்டுகளுக்குள் எல்லாம் போயிற்று. டெகாட்டர் அணி சிகாகோவுக்குப் போய் பேர்ஸ் ஆனது. போர்ட்ஸ்மத் அணி 1934-ல் டெட்ராய்ட்டுக்குப் போய் லயன்ஸ் ஆனது. மற்றவை கலைந்தே போயின. எஞ்சிய சிற்றூர் கிரீன் பே ஒன்றுதான். அதற்கான காரணத்தைத் தேடினால், மைதானத்தைவிட அலுவலகக் கோப்புகளில்தான் அதிகம் கிடைக்கிறது.

தொடக்கம் சாதாரணமானது. 1919 ஆகஸ்ட் 11 அன்று 'பிரஸ் கெஸட்' பத்திரிகை அலுவலகத்தில் இளைஞர்கள் சிலர் கூடினார்கள். கூட்டியவர்கள் இருவர். ஒருவர் அந்தப் பத்திரிகையில் எழுதிக்கொண்டிருந்த ஜார்ஜ் விட்னி கால்ஹூன். மற்றவர் கர்லி லாம்போ. நோட்ர டாம் பல்கலைக்கழக அணியில் ஒரு பருவம் ஆடிவிட்டு, தொண்டைச் சதை வீக்கத்தால் ஊர் திரும்பிய 21 வயதுப் பையன். அவர் வேலை பார்த்த இண்டியன் பேக்கிங் கம்பெனி, இறைச்சியை டப்பாவில் அடைத்து விற்கும் நிறுவனம். சட்டைக்கும் பந்துக்கும் 500 டாலர் கொடுத்தது. அணியின் பெயர் அங்கிருந்து வந்தது. மைதானத்துக்கு வேலிகூட இல்லை; ஆட்டத்தின் நடுவே கால்ஹூன் தொப்பியை நீட்டிக்கொண்டு சுற்றி வருவார், விழுந்ததுதான் வசூல். முதல் பருவத்தில் பத்து வெற்றி, ஒரே ஒரு தோல்வி.

1921-ல் லீக்கில் சேர்ந்த அணி, அதே ஆண்டில் கல்லூரி மாணவர்களைப் பொய்ப் பெயரில் இறக்கி மாட்டிக்கொண்டது. உரிமம் போய், லாம்போ அலைந்து மறுபடி வாங்கினார். 1922-ல் மழை. மழை பெய்து வசூல் கெட்டால் ஈடு கிடைக்கட்டும் என்று காப்பீடு எடுத்திருந்தார்கள். பெய்த மழை ஒப்பந்த அளவுக்கு ஓர் அங்குலத்தில் நூறில் ஒரு பங்கு குறைவு என்று சொல்லி நிறுவனம் கையை விரித்ததாம். கடன் கழுத்தை நெரித்தது. அப்போது முன்வந்தவர் ஆண்ட்ரூ டர்ன்புல், அதே பத்திரிகையின் வணிக மேலாளர். கடைக்காரர்களையும் தொழில் செய்பவர்களையும் கூட்டினார். 1923 ஆகஸ்ட்டில் லாப நோக்கமற்ற ஒரு கழகம் பதிவானது. பங்கு ஒன்று 5 டாலர், ஆயிரம் பங்குகள்.

அந்தக் கழகத்தின் சாசனத்தில் ஒரு விதி எழுதினார்கள். கழகம் கலைக்கப்பட்டால், மிஞ்சும் சொத்து பங்குதாரர்களுக்குப் போகாது. உள்ளூரில் இருக்கும் முன்னாள் படைவீரர் சங்கக் கிளைக்குப் போகும். அதைக்கொண்டு போர்வீரர் நினைவுச் சின்னம் எழுப்ப வேண்டும் என்பது அன்றைய ஏற்பாடு. எழுதியபோது அது பெரிய தியாகமாகத் தெரிந்திருக்காது. ஓட்டாண்டி அணி ஒன்றின் சொத்து என்ன பெறும்? ஆனால் பிற்காலத்தில் அணியின் மதிப்பு கோடிகளைத் தொட்டபோது, இந்த ஒரு வரிதான் காவலாக நின்றது. விற்றால் யாருக்கும் பைசா கிடைக்காது என்றால் யார் விற்கப்போகிறார்கள்? மற்ற சிற்றூர்களில் அணி ஒரு வியாபாரியின் சொத்து. நஷ்டம் வந்தால் விற்பார், நல்ல விலை வந்தாலும் விற்பார். கிரீன் பேயில் அந்த ஆசைக்கே இடமில்லாமல் போயிற்று. ஊரார் நல்லவர்கள் என்பதற்காக அல்ல. அவர்கள் கெட்டவர்களாக மாறினாலும் பயனில்லை என்பதற்காக அணி பிழைத்தது.

1929, 1930, 1931 என்று தொடர்ந்து மூன்று பட்டங்கள். இந்தக் காலத்தில்தான் பார்வையாளர் மேடையிலிருந்து ஒருவர் விழுந்து அடிபட்டு வழக்குப் போட்டார். 5,000 டாலர் தீர்ப்பானது. கட்ட வேண்டிய காப்பீட்டு நிறுவனமே திவாலாகியிருந்தது. மூன்று முறை நாட்டின் சாம்பியனான அணி நீதிமன்றப் பொறுப்பாளர் கைக்குப் போனது. 1935-ல் மறுபடி பங்கு விற்று 15,000 டாலர் திரட்டி மீட்டார்கள். பெரும் பொருளாதார மந்தத்தின் நடுவே அது சிறிய தொகை அல்ல.

உண்மையான சோதனை 1949-ல் வந்தது; அதைக் கொண்டுவந்தவர் லாம்போவேதான். போருக்குப் பின் போட்டி லீக் ஒன்று முளைத்து வீரர்களின் சம்பளத்தை ஏற்றிவிட்டிருந்தது. லாம்போவின் கையும் தாராளம். ராக்வுட் லாட்ஜ் என்ற மாளிகையை வாங்கி, வீரர்களை அங்கே தங்கவைத்துப் பயிற்சி கொடுத்தார். கஜானா காலி. வெளியிலிருந்து முதலீட்டாளர்களைக் கொண்டுவருகிறேன், லாப நிறுவனமாக மாற்றுங்கள் என்றார். கழகம் மறுத்தது. 1950 ஜனவரி 24 அன்று ராக்வுட் லாட்ஜ் எரிந்து சாம்பலானது. காப்பீட்டுப் பணம் கழகத்தின் மூச்சைக் காப்பாற்றியது. சில நாட்களில் லாம்போ ராஜினாமா செய்து, சிகாகோவில் பேர்ஸ் அல்லாத இன்னோர் அணிக்குப் போய்விட்டார். அதே ஆண்டு 25 டாலர் பங்குகள் விற்று சுமார் 1,18,000 டாலர் சேர்த்தார்கள். அணியைத் தோற்றுவித்து ஆறு பட்டம் வாங்கிக்கொடுத்த மனிதரின் யோசனையை நிராகரித்ததால்தான் அந்த அணி அந்த ஊரில் இன்றும் இருக்கிறது. இருந்தும் மைதானத்துக்கு அவர் பெயர்தான். அதில் தவறில்லை, ஆனால் டர்ன்புல்லுக்கு இன்னும் பெரிய பலகை வைத்திருக்கலாம்.

1950-களில் சிக்கல் வேறு வடிவம் எடுத்தது. நுழைவு வசூலில் விருந்தாளி அணிக்கும் பங்கு உண்டு. ஆகவே கிரீன் பேயின் பழைய, சிறிய மைதானத்துக்கு வந்து ஆட மற்றவர்கள் முகம் சுளித்தார்கள். புதிய மைதானம் கட்டாவிட்டால் மில்வாக்கி நகரத்துக்கே மொத்தமாகப் போய்விடுங்கள் என்ற நெருக்கடி. 1956 ஏப்ரலில் நகரம் ஓட்டெடுப்பு நடத்தியது. ஆதரவு கேட்டு மேடை ஏறியவர்களில் ஒருவர் ஜார்ஜ் ஹாலஸ். சிகாகோ பேர்ஸின் உரிமையாளர், பேக்கர்ஸின் ஜென்மப் பகைவர். பகைவன் செத்தால் பகைக்கு வரும் கூட்டமும் போகும் என்பது அவருக்குத் தெரியும். இரண்டுக்கு ஒன்று என்ற கணக்கைத் தாண்டி தீர்மானம் வென்றது. 1957 செப்டம்பர் 29 அன்று திறப்பு விழா ஆட்டம். துணை அதிபர் நிக்ஸன் வந்திருந்தார். அதே ஹாலஸின் பேர்ஸை 21-17 என்று வென்றார்கள்.

அடுத்த ஆண்டே ஒரு வெற்றி, பத்துத் தோல்வி, ஒரு டிரா. 1959-ல் வின்ஸ் லொம்பார்டி வந்தார். நியூயார்க் ஜயன்ட்ஸின் துணைப் பயிற்சியாளர், புரூக்ளினில் பிறந்த இத்தாலிய வம்சாவளிக்காரர். ஒன்பது பருவங்களில் ஐந்து பட்டங்கள்; அவற்றுள் சூப்பர் பவுல் என்ற இறுதிப் போட்டியின் முதல் இரண்டு வெற்றிகளும் சேரும். 1967 டிசம்பர் 31 அன்று உறைநிலைக்குக் கீழே 25 டிகிரி செல்சியஸ் குளிரில் டல்லஸ் கவ்பாய்ஸுடன் நடந்த ஆட்டத்தைப் பற்றி எழுதப்பட்டவை ஒரு நூலகத்துக்கு ஆகும். கடைசி நொடிகளில், ஆட்டத்தை நடத்தும் குவார்ட்டர்பேக் இடத்தில் ஆடிய பார்ட் ஸ்டார் தானே பந்தோடு புகுந்து கோட்டைத் தாண்டினார் என்பதோடு நான் நிறுத்திக்கொள்கிறேன். அதிகம் பேசப்படாத இன்னொன்றைச் சொல்ல வேண்டும். கிரீன் பே அன்று ஏறக்குறைய முழு வெள்ளையர் ஊர். அந்த அணியில் முதல் கறுப்பின வீரர் பாப் மான் 1950-ல்தான் வந்தார். லொம்பார்டி வில்லி டேவிஸ், வில்லி வுட், ஹெர்ப் ஆடர்லி போன்ற கறுப்பின வீரர்களைக் கொண்டுவந்து குவித்ததோடு, அவர்களை உள்ளே விடாத கடைக்கும் விடுதிக்கும் என் அணியில் ஒருவனும் வரமாட்டான் என்று ஊருக்குத் தெரியப்படுத்தினார். ஊர்ப் பாசம் தானாகச் செய்யாததை ஒரு வெளியூர்க்காரரின் கண்டிப்பு செய்தது.

லொம்பார்டியின் பட்டங்களைவிட அந்த அணிக்கு நீண்ட ஆயுள் கொடுத்தது அதே காலத்தில் வாஷிங்டனில் நடந்த ஒரு காரியம். லீக்கின் இளம் ஆணையர் பீட் ரோஸெல், எல்லா அணிகளின் தொலைக்காட்சி உரிமையையும் ஒன்றாக விற்று, வரும் பணத்தைச் சமமாகப் பிரிக்கத் திட்டமிட்டார். இது வணிகப் போட்டிச் சட்டத்துக்கு விரோதம் என்று நீதிமன்றம் தடுத்தது. நாடாளுமன்றம் விலக்குச் சட்டம் இயற்ற, 1961 செப்டம்பர் 30 அன்று அதிபர் கென்னடி கையெழுத்திட்டார். சி.பி.எஸ். நிறுவனம் ஆண்டுக்கு 46,50,000 டாலர் கொடுத்தது. 14 அணிகள், ஆளுக்குச் சுமார் 3,30,000. தனியாக விற்றால் பல மடங்கு சம்பாதித்திருக்கக்கூடிய நியூயார்க் ஜயன்ட்ஸின் மாரா குடும்பமும் இதற்கு ஒப்புக்கொண்டது. முதலாளித்துவத்தின் தலைமை நாட்டில், அதிக வருமானம் ஈட்டும் விளையாட்டு லீக் சமப் பங்கீட்டில் நடக்கிறது. 2024-ல் முடிந்த நிதியாண்டில் பேக்கர்ஸின் மொத்த வருவாய் சுமார் 65 கோடி டாலர். அதில் 40 கோடிக்கு மேல் இந்தப் பொதுப் பங்கிலிருந்து வந்தது. கணக்கைப் பகிரங்கமாக வெளியிடும் ஒரே அணி பேக்கர்ஸ் என்பதால்தான் இந்த விவரமே நமக்குத் தெரிகிறது. கழகத்தின் சாசன விதி அணியை விற்கவிடாமல் தடுத்தது. ஆனால் உயிரோடு வைத்திருந்தது இந்தப் பங்கீடுதான். இது இல்லையென்றால் 1968-க்குப் பிறகு வந்த கால் நூற்றாண்டு வறட்சியில் பேக்கர்ஸ் காணாமல் போயிருக்கும் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. 1992-ல் பொது மேலாளர் ரான் வுல்ஃப், குவார்ட்டர்பேக் பிரெட் ஃபார்வைக் கொண்டுவந்த பிறகே மீட்சி. 1997 ஜனவரியில் ஒரு சூப்பர் பவுல், 2011 பிப்ரவரியில் இன்னொன்று.

பங்கு விற்பனையும் தொடர்ந்தது. 1997-ல் 200 டாலர், 2011-ல் 250, 2021-ல் 300. இன்று பங்குதாரர்கள் 5,37,000 பேருக்கும் மேல். டிவிடெண்ட் கிடையாது. விலை ஏறாது. வெளியாருக்கு விற்க முடியாது. சீசன் டிக்கெட்டில் முன்னுரிமையும் இல்லை. அதற்குத் தனிக் காத்திருப்புப் பட்டியல், 1,40,000 பெயருக்கு மேல், பிறந்த குழந்தைக்கே பதிவு செய்கிறார்கள். முதலீடு என்ற கணக்கில் பார்த்தால் இது கண்ணாடிச் சட்டம் போட்டுச் சுவரில் மாட்டவேண்டிய காகிதம், அவ்வளவுதான். முடிவுகளை எடுப்பது ஏழு பேர் கொண்ட செயற்குழு. மக்களுக்குச் சொந்தமான அணி என்று நெகிழும் எழுத்தாளர்கள் இதைக் கொஞ்சம் கவனிக்கலாம்: பயிற்சியாளர் யார், டிக்கெட் விலை என்ன என்பதில் பங்குதாரருக்கு வாய் இல்லை. 2000-ல் மைதானத்தைப் புதுப்பிக்க மாவட்ட மக்கள் அரை சதவீத விற்பனை வரியைத் தங்கள் மேல் போட்டுக்கொண்டார்கள். அதுவும் 53 சதவீத ஆதரவோடுதான். 2015 வரை பங்குதாரரும் பங்கில்லாதவரும் கட்டினார்கள்.

ஆனாலும் இந்தக் காகிதத்தைக் கேலி செய்வதற்கு முன் மற்ற ஊர்களைக் கேட்க வேண்டும். 1984 மார்ச்சில் ஒரே இரவில் லாரிகளில் சாமான்களை ஏற்றிக்கொண்டு பால்டிமோர் கோல்ட்ஸ் இண்டியனாபொலிஸுக்குப் போய்விட்டது. 1995-ல் உரிமையாளர் ஆர்ட் மோடல் தன் கிளீவ்லண்ட் அணியைப் பால்டிமோருக்குக் கொண்டுபோவதாக அறிவித்தார். செயின்ட் லூயிஸ் 2016-லும் சான் டியாகோ 2017-லும் அணியை இழந்தன. ஓக்லண்ட் ரெய்டர்ஸ் ஊரை விட்டுப் போய், திரும்பி வந்து, மறுபடி போனது. இந்த ஊர்களில் ரசிகர் பாசத்துக்குக் குறைவில்லை. முடிவெடுக்கும் பேனா ஒரு குடும்பத்தின் கையில் இருந்தது, அவ்வளவே.

கிரீன் பே ஏற்பாட்டை மற்ற ஊர்கள் ஏன் பின்பற்றவில்லை என்று கேட்டால் விடை எளிது: முடியாது. லாப நோக்கமற்ற எந்த அமைப்பும், ஏற்கெனவே உறுப்பினராக இருந்தாலொழிய, லீக்கில் சேர முடியாது என்று விதி இருக்கிறது. அந்த விதிவிலக்கு ஒரே ஓர் அணிக்குப் பொருந்தும். 2024 ஆகஸ்ட்டில் உரிமையாளர்கள் கூடி விதிகளைத் தளர்த்தினார்கள். தனியார் முதலீட்டு நிதி நிறுவனங்கள் ஓர் அணியில் பத்து சதவீதம் வரை வாங்கலாம் என்றார்கள். ஓர் ஊரின் மக்கள் சேர்ந்து தங்கள் அணியை வாங்குவதற்கு இன்றும் அனுமதியில்லை.