பிரித்தால்தான் தெரியுமாம்

என் குட்டி யானை மந்தைவெளியில் தெருவோரமாகப் படுத்து இன்றோடு 11 நாள். 2011 மாடல் டாடா ஏஸ். மார்கழி பிறந்துவிட்டது. மயிலாப்பூரிலும் தியாகராய நகரிலும் சபா கேன்டீன்களில் அடுப்பு எரிகிறது. விடியற்காலை கோயம்பேட்டில் காய் ஏற்றி, ஐந்தரைக்குள் கொண்டுபோய் இறக்க வேண்டிய நான், தினமும் வாடகை வண்டிக்குத் தண்டம் அழுதுகொண்டிருக்கிறேன்.

வண்டிக்கு என்ன நோய் என்று எனக்கே தெரியும். நீலப் புகை கக்குகிறது, ஆயில் குடிக்கிறது, இழுவை இல்லை. அடையாறுக்கு லோடு கொண்டுபோகையில் திரு.வி.க. பாலத்தில் நின்றுபோய், கயிறு கட்டி இழுத்து வந்தோம். எல்லாம் 2023 டிசம்பர் மிக்ஜாம் மழையில் ஆரம்பித்தது. ஏஸுக்கு இன்ஜின் சீட்டுக்கு அடியில். அந்த உயரத்துக்குத் தண்ணீர் நின்றது. வடிந்ததும் ஆயிலை மாற்றித்தான் ஓட்டினேன். ஆனாலும் உள்ளே தங்கிய சேறு ரிங்கையும் போரையும் அரைத்திருக்க வேண்டும்.

இதே இன்ஜினுக்கு வேலை பார்ப்பதா, வேறு இன்ஜின் மாட்டுவதா? மூன்று ஷெட்டில் கேட்டேன். "ரிங் மாத்தினா போதும்ண்ணே, 15,000-ல முடிச்சிடலாம்" என்றார் ஒருவர். ரீபோர், கிராங்க் கிரைண்டிங், ஹெட் வேலை, பம்ப் வேலை என்று 45,000-க்குப் போனார் அடுத்தவர். "பழசுல காசைக் கொட்டாதீங்க, புதுப்பேட்டையில வேற இன்ஜின் எடுத்துப் போட்டுடலாம்" என்றார் மூன்றாமவர். மூன்று பேரும் ஒரே குரலில் சொன்னது ஒன்றுதான்: "பிரிச்சுப் பார்த்தாத்தான் தெரியும்."

என் வயிறு எரிவது இந்தப் பேச்சைக் கேட்டுத்தான். பிரிக்கும்வரை உறுதியான தொகை கிடையாது. பிரித்த பிறகு, அக்குவேறு ஆணிவேறாகத் தரையில் கிடப்பதை அள்ளிக்கொண்டு வேறு எந்த ஷெட்டுக்குப் போவேன்? அப்புறம் அவர் சொன்னதுதான் விலை.

பிரிக்காமலே பார்க்க வழியில்லையா? இருக்கிறது. நாசிலைக் கழற்றி, அந்தத் துளையில் கம்ப்ரஷன் கேஜை மாட்டி, செல்ஃப் அடித்தால் முள் காட்டிவிடும். 702 சிசி, இரண்டே சிலிண்டர், இரண்டே அளவு. கம்பெனி சொல்லும் அளவோடு ஒப்பிட்டால் உள்ளே எவ்வளவு தேய்மானம் என்று ஓரளவு பிடிபடும். "அதெல்லாம் எதுக்குண்ணே, காதால கேட்டாலே சொல்லிடுவோம்" என்கிறார்கள். காது சொல்வது 15,000-க்கும் 45,000-க்கும் நடுவில் ஊசலாடுகிறதே!

புதுப்பேட்டைக்கும் போனேன். ஒரு கடையில் கழுவி, பெயின்ட் அடித்து வைத்திருந்த ஏஸ் இன்ஜின், 32,000. எத்தனை கிலோமீட்டர் ஓடியது? தெரியாது. எந்த வண்டியில் இருந்தது? "கண்டம் பண்ண வண்டி சார்." பில்? துண்டுச் சீட்டில் எழுதித் தருவார்களாம். என் ஆர்.சி.யில் இன்ஜின் நம்பர் அச்சாகியிருக்கிறது. இன்ஜினை மாற்றினால் 14 நாளுக்குள் ஆர்.டி.ஓ.வுக்குத் தெரிவித்து ஆர்.சி.யில் ஏற்ற வேண்டும் என்கிறது மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவு. எட்டு வருடம் தாண்டிய வண்டிக்கு எஃப்.சி. வருடா வருடம். நம்பர் ஒத்துப்போகாமல் அங்கே நின்றால் நான் எதைக் காட்டுவேன்? அது திருட்டு வண்டி இன்ஜினாக இருந்துவிட்டால், போலீஸ் வந்து நிற்பது என் வீட்டு வாசலில். விற்றவர் வாசலில் அல்ல.

புது வண்டி எடுக்கச் சொல்கிறார்கள். பழைய தவணை முடிந்து நான் மூச்சு விட்டே ரொம்ப நாளாகவில்லை.

பிரிக்கட்டும், வேண்டாம் என்று சொல்லவில்லை. அதற்கு முன்னால் அந்த இரண்டு அளவையும் ஒரு தாளில் எழுதிக் கையில் கொடுங்கள். பிரித்தால் என் கண் முன்னால் பிரியுங்கள். லேத்தில் போர் அளக்கும்போது நானும் பக்கத்தில் நிற்கிறேன். அளந்து பார்ப்பதற்குத் தனியாகக் கூலி தருகிறேன் என்றும் சொல்லிப் பார்த்தேன். வாங்கிக்கொள்ள ஆள் இல்லை. மந்தைவெளிப்பாக்கத்தில் இன்னொரு ஷெட் இருக்கிறதாம், கேஜ் வைத்திருக்கிறார்களாம். நாளைக்குக் காய் இறக்கிவிட்டு அங்கே போகிறேன்.