கசிந்த பிறகு விழிக்கும் சட்டம்

அமெரிக்காவின் வடகிழக்கு மாநிலங்களில் பழைய வீடு ஒன்றின் நிலவறைக்குள் இறங்கினால், சுவரோரம் நான்கு கால்களில் நிற்கும் இரும்புத் தொட்டியைப் பார்க்கலாம். வழக்கமான அளவு 275 கேலன். ஏறத்தாழ 1,040 லிட்டர். டீசலுக்கு நெருங்கிய எண்ணெய் அதில் இருக்கும். பனிக்காலம் முழுவதும் கொதிகலனின் பர்னர் அதை எரித்துத்தான் வீட்டைச் சூடாக வைத்திருக்கிறது. குழாய்வழி எரிவாயு எட்டாத ஊர்களில் லட்சக்கணக்கான குடும்பங்கள் இன்றும் இந்த எண்ணெயை நம்பியே குளிரைக் கடக்கின்றன.

இந்தத் தொட்டி கெட்டுப்போவது வெளியே தெரியாது. காற்றிலுள்ள ஈரம் குளிர்ந்து தொட்டிக்குள் நீராக இறங்கும். எண்ணெயைவிட நீர் கனமானது என்பதால் அடியில் தங்கும். நீரும் எண்ணெயும் சேருமிடத்தில் நுண்ணுயிர்கள் பெருகிக் கசடு படியும்; அந்தக் கசடின் அமிலம் அடித்தகட்டை ஆண்டுக்கணக்கில் உள்ளிருந்தே அரிக்கும். வெளிப்பூச்சு நன்றாக இருக்கும்போதே அடியில் ஊசித்துளை விழுந்துவிடும். இன்னொரு பலவீனம், தொட்டியிலிருந்து பர்னருக்குச் செல்லும் செம்புக் குழாய். பழைய வீடுகள் பலவற்றில் அது கான்கிரீட் தரைக்குள் புதைந்திருக்கிறது. அங்கே அரிப்பு ஏற்பட்டால் கண்ணில் படாது. எண்ணெய் வழக்கத்தைவிடச் சீக்கிரம் தீர்வதோ, நெடி வருவதோதான் முதல் தகவல்.

மாசசூசெட்ஸ் மாநிலம் இந்தக் குழாயைக் கவனித்துச் சட்டம் கொண்டுவந்தது. நான்கு குடியிருப்புகள் வரையுள்ள வீடுகளில், சில விலக்குகள் தவிர, குழாயில் பாதுகாப்பு வால்வு பொருத்த வேண்டும். இல்லாவிட்டால் குழாய்க்கு மேலுறை போட வேண்டும். 2011 செப்டம்பர் 30 இறுதிக் கெடு. பர்னரின் பம்பு உறிஞ்சும்போது மட்டுமே அந்த வால்வு திறக்கும். குழாய் உடைந்தால் எண்ணெய் தானாக ஓடாது. செலவு பெரும்பாலும் 150 முதல் 350 டாலர் என்று மாநிலச் சுற்றுச்சூழல் துறை மதிப்பிட்டது. எண்ணெய் மண்ணில் இறங்கி நிலத்தடி நீரைத் தொட்டுவிட்டால் துப்புரவுச் செலவு லட்சம் டாலரைத் தாண்டக்கூடும். மண்ணைத் தோண்டி அகற்றுவதோடு அது முடிவதில்லை. சில வீடுகளில் அடித்தளத்தையே உடைக்க நேர்கிறது.

அந்தச் செலவு யார் தலையில் விழுகிறது? அம்மாநிலத்தின் 1983ஆம் ஆண்டுச் சட்டப்படி, தவறு யாருடையதாயினும் சொத்தின் உரிமையாளரே பொறுப்பு. வழக்கமான வீட்டுக் காப்பீடு மாசுபாட்டை விலக்கி வைக்கிறது. வால்வு பொருத்தியவர்களுக்குக் கசிவுக் காப்பீடு வழங்க நிறுவனங்கள் முன்வர வேண்டும் என்கிறது குழாய் பற்றிய பிந்தைய சட்டம். ஆனால் வீட்டுக்காரர் கேட்டுத் தனியாகப் பணம் கட்டினால்தான் அது கிடைக்கும். ஓய்வூதியத்தில் வாழும் முதியவருக்கு இந்த நுணுக்கம் தெரிந்திருக்கும் என்று எதிர்பார்ப்பது நியாயமில்லை. குழாய் வரை வந்த சட்டம், முதுமையடைந்த தொட்டிக்கு வயது வரம்பு வைக்காமல் நின்றதும் பெருங்குறை.

கனடாவின் பிரின்ஸ் எட்வர்ட் தீவு வேறு வழியில் யோசித்தது. குடிநீருக்கு முழுக்க முழுக்க நிலத்தடி நீரையே நம்பியிருக்கும் மாகாணம் அது. அங்கே உரிமம் பெற்றவர் பொருத்திய தொட்டிக்கு அடையாள வில்லை உண்டு. வில்லை இல்லாத தொட்டியில் எண்ணெய் நிரப்பக் கூடாது. என் பார்வையில் இதுவே சரியான முறை. வீட்டுக்காரர் நிலவறைக்கு இறங்காமலே குளிர்காலத்தைக் கழித்துவிடலாம். எண்ணெய் லாரி ஒவ்வொரு முறையும் வாசலுக்கு வந்தே தீர வேண்டும். கண்காணிப்பை அந்த இடத்தில் வைத்தால் எந்தத் தொட்டியும் தப்பாது.

லாரிக்காரரிடம் ஏற்கெனவே ஒரு காவல் இருக்கிறது. எண்ணெய் இறங்கும்போது வெளியேறும் காற்று, தொட்டியின் மேலுள்ள விசிலை ஊதும். நிறைந்ததும் ஒலி நிற்கும். தொடக்கத்திலேயே ஒலி கேட்காவிட்டால் நிரப்பக் கூடாது என்பது தொழிலின் அடிப்படை விதி. அதை மதிக்காத இடத்தில்தான் மிகக் கொடிய விபத்து நடக்கிறது. எரிவாயுவுக்கு மாறிய வீட்டில் தொட்டியை அகற்றிவிட்டுச் சுவரிலுள்ள நிரப்பு குழாயை அப்படியே விட்டுவிடுகிறார்கள். முகவரி மாறி வரும் லாரி, நூற்றுக்கணக்கான கேலன் எண்ணெயை வெறும் தரையில் கொட்டிவிட்டுப் போகிறது.

கசிவு கண்டால் முதலில் தொட்டியிலிருந்து எண்ணெய் வரும் வழியிலுள்ள வால்வைக் கையால் மூடுங்கள். ஜன்னல்களைத் திறந்துவிட்டுக் குழந்தைகளை வெளியே அனுப்புங்கள். நிலவறை நீரை இறைக்கும் பம்பு ஓடினால் எண்ணெய் ஓடைக்குப் போய்விடும். ஆகவே அது இயங்கவே கூடாது. தண்ணீர் விட்டுக் கழுவுவதும் சோப்புத்தூள் போடுவதும் எண்ணெயை இன்னும் ஆழத்துக்குத் தள்ளும். மணலோ மரத்தூளோ போட்டு உறிஞ்சவிடுங்கள். மாசசூசெட்ஸில் 10 கேலனோ அதற்கு மேலோ கசிந்தால் 2 மணி நேரத்துக்குள் சுற்றுச்சூழல் துறைக்குச் சொல்லியாக வேண்டும்.

பாஸ்டன் பக்கம் பழைய வீடு வாங்கப் போகும் நம்மவர்கள், சமையலறையைப் பார்த்து முடித்ததும் நிலவறைக்கும் இறங்குங்கள். தொட்டியின் வயதைக் கேளுங்கள். தொட்டியை எடுத்தாயிற்று என்றால், வெளிச்சுவரில் நிரப்பு குழாய் இன்னும் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால், அதை அகற்றித் துளையை அடைத்துத் தந்த பிறகு கையெழுத்துப் போடுங்கள்.