ஓடாத வண்டிக்கும் ஓடும் மீட்டர்

சென்னையில் எந்த அடுக்குமாடிக் குடியிருப்புக்குப் போனாலும் கீழ்த்தளத்தில் கவர் போட்ட கார் ஒன்றாவது நிற்கும். கவரின் மேல் ஒரு விரல் தூசு இருக்கும். டயரில் காற்று இறங்கி, பேட்டரி எப்போதோ செத்திருக்கும். எலி ஒயரைக் கடித்திருக்கிறதா என்பது பானெட்டைத் திறந்தால்தான் தெரியும். சொந்தக்காரர் துபாயிலோ சிங்கப்பூரிலோ இருப்பார். அல்லது பார்வை மங்கி, ஸ்டியரிங்கைத் தொடுவதை விட்டுவிட்ட பெரியவராக மூன்றாவது மாடியிலேயே இருப்பார். சில வண்டிகளுக்குச் சொந்தக்காரரே இல்லை. அவர் போய்ச் சேர்ந்திருப்பார், வண்டியை விற்க மனைவிக்கு மனம் வந்திருக்காது. இந்தக் கார்களால் சாலை தேய்வதில்லை, புகை வருவதில்லை. ஆனாலும் அரசின் ஏட்டில் அவை ஓடிக்கொண்டேதான் இருக்கின்றன.

சாலைக்கே வராத வண்டியிடம் சாலை வரி கேட்கலாமா என்ற கேள்விக்கு உச்ச நீதிமன்றம் 2025 ஆகஸ்ட் 29 அன்று விடை சொன்னது. விசாகப்பட்டினம் உருக்காலையின் சரக்கு அனுப்பும் வளாகத்துக்குள் மட்டுமே ஓடிய, ஒரு நிறுவனத்தின் 36 வாகனங்களுக்கு ஆந்திரப் போக்குவரத்துத் துறை வரி வாங்கியிருந்தது. சுற்றிலும் மதில், வாசலில் மத்தியத் தொழிலகப் பாதுகாப்புப் படையின் காவல். வெளியார் நினைத்தபடி நுழைய முடியாத இடம் அது. அங்கே ஓடிய வண்டி பொது இடத்தில் ஓடியதாகாது, எனவே அந்தக் காலத்துக்கு வரி கிடையாது என்று நீதிபதிகள் மனோஜ் மிஸ்ரா, உஜ்ஜல் புயான் அமர்வு கூறியது. நிறுவனம் கட்டிய 22,71,700 ரூபாயைத் திருப்பித் தரச் சொன்ன உயர் நீதிமன்றத் தனி நீதிபதியின் உத்தரவு மீண்டும் உயிர்பெற்றது. தீர்ப்பு ஆந்திரச் சட்டத்தைப் பற்றியது என்பது உண்மையே. ஆனால், மோட்டார் வாகன வரி என்பது சாலையைப் பயன்படுத்துவதற்கான ஈடு என்ற அதன் அடிப்படையை எந்த மாநிலமும் எளிதில் தட்டிக்கழிக்க முடியாது. நிறுவனத்துக்கு வக்கீல் வைத்து டெல்லி வரை போக வசதி இருந்தது. கவர் போட்ட காரின் சொந்தக்காரருக்கு வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தின் கவுன்ட்டரைத் தாண்டி வழியில்லை.

மோட்டார் வாகனச் சட்டம், 1988ஐப் புரட்டினால் அதுவும் பயன்பாட்டைத்தான் பேசுகிறது. பதிவு இல்லாமல் வண்டியை ஓட்டக் கூடாது என்கிறது 39ஆம் பிரிவு. மூன்றாம் நபர் காப்பீடு இல்லாமல் பொது இடத்தில் பயன்படுத்தக் கூடாது என்கிறது 146ஆம் பிரிவு. மீறினால் முதல் முறை 2,000 ரூபாய் அபராதமோ மூன்று மாதம் வரை சிறையோ உண்டு. பூட்டிய ஷெட்டுக்குள் நிற்கும் வண்டியைப் பற்றி இரண்டு பிரிவுகளுக்கும் கவலை இல்லை. கட்டண விதிகளோ காலண்டரைப் பார்த்துக் கணக்குப் போடுகின்றன. 15 ஆண்டு முடிந்த காரின் பதிவைப் புதுப்பிக்க 2022 ஏப்ரல் முதல் 5,000 ரூபாய். தாமதமானால் மாதத்துக்கு 500 ரூபாய் கூடும். பதிவு முடிந்த நேரத்தில் வெளிநாட்டில் இருந்தவர் மூன்று ஆண்டு கழித்து வந்து ஆர்.சி. புத்தகத்தை எடுத்தால், தாமதத்துக்கு மட்டும் 18,000 ரூபாய் நிற்கும். 20 ஆண்டைத் தாண்டிய காருக்கு 2025 ஆகஸ்டில் புதுப்பிப்புக் கட்டணமே 10,000 ஆகிவிட்டது. பழைய வண்டிகளைச் சாலையிலிருந்து விலக்குவதுதான் நோக்கம் என்கிறார்கள். தானாகவே விலகி நிற்கும் வண்டிக்கும் ஏன் அதே தண்டம் என்று கேட்டால் பதில் இல்லை.

ஆயுள்கால வரி விஷயத்தில் நாம் திருப்பித் தரச் சொல்லவில்லை. தமிழ்நாட்டில் 2023 நவம்பர் முதல் காரின் விலையைப் பொறுத்து 12 முதல் 20 விழுக்காடு வரை அது ஒரே தவணையில் போய்விடுகிறது. ஆண்டுதோறும் வரிசையில் நிற்காமல் இருப்பதற்கு நாம் ஒப்புக்கொண்ட விலை அது. அதில் நின்ற மாதங்களைக் கழித்துத் தா என்று கிளம்பினால் கணக்குப் பார்க்கவே தனி இலாகா வேண்டியிருக்கும். ஆனால், காலாண்டு வரி கட்டும் பேருந்து, லாரிக்காரர்களின் கதை வேறு. 2020 ஊரடங்கில் ஆம்னி பேருந்துகள் மாதக்கணக்கில் ஷெட்டில் நின்றபோது வரிவிலக்குக் கேட்டு அவர்கள் நடையாய் நடந்தார்கள். கேரளத்தில் ‘ஜி ஃபார்ம்’ என்று ஒன்று இருக்கிறது. வண்டியை ஓட்டப்போவதில்லை என்று முன்கூட்டியே எழுதிக் கொடுத்தால் அந்தக் காலத்துக்கு வரி இல்லை. அந்த ஆண்டு அங்கே தனியார் பேருந்துக்காரர்கள் கூட்டம் கூட்டமாக அதைக் கொடுத்துவிட்டு வண்டியை நிறுத்தினார்கள். வணிக வண்டிக்குச் சாத்தியமான ஒன்று சொந்தக் காருக்குச் சாத்தியமில்லை என்பது நம்பும்படி இல்லை.

காப்பீட்டின் சங்கதி இன்னும் விசித்திரம். நிறுத்தி வைத்த வண்டிக்கென்றே ஏற்பாடு இருக்கிறது, யாரும் சொல்வதில்லை. 2002ஆம் ஆண்டின் இந்திய மோட்டார் காப்பீட்டுக் கட்டண விதிகளில் 11ஆம் எண் ஒப்புதல் குறிப்பு இதற்காகவே எழுதப்பட்டது. தொடர்ந்து இரண்டு மாதமாவது வண்டியை ஷெட்டில் விடப்போகிறேன் என்று தெரிவித்தால், தீ, திருட்டு போன்றவற்றுக்கான பாதுகாப்பு மட்டும் தொடரும்; மற்றது நிறுத்தி வைக்கப்பட்டு, அதற்கு ஈடாகப் பிரீமியத்தில் சலுகையோ கால நீட்டிப்போ கிடைக்கும். எத்தனை முகவர்கள் இதை வாடிக்கையாளரிடம் சொல்லியிருப்பார்கள்? பாலிசி முடிந்து 90 நாளுக்குள் புதுப்பிக்காவிட்டால், ஆண்டுக்கணக்கில் சேர்த்த 50 விழுக்காடு நோ கிளெய்ம் போனஸ் பறிபோகும் என்பதை மட்டும் தவறாமல் குறுஞ்செய்தி அனுப்பிச் சொல்கிறார்கள். வண்டியை எடுக்காதவர் விபத்து ஏற்படுத்தவில்லை என்பதற்கு அதைவிடச் சான்று என்ன வேண்டும்? ஓட்டும் தூரத்துக்கு ஏற்பப் பிரீமியம் வாங்கலாம் என்று காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் 2022 ஜூலையில் அனுமதித்தது. பூஜ்யம் கிலோமீட்டரும் ஒரு தூரம்தான்.

சொந்தக்காரர்களின் பணப்பை பற்றிய கவலை மட்டும் அல்ல இது. நாட்டில் பதிவான வாகனங்களில் பாதிக்கு மேல் காப்பீடு இல்லாதவை என்று நாடாளுமன்றக் குழுவே 2024இல் சொன்னது. அதில் ஓடுவது எத்தனை, நிற்பது எத்தனை, எப்போதோ எடைக்குப் போனது எத்தனை என்று பிரித்துச் சொல்ல வழியில்லை. நிற்கும் வண்டிகள் ஏட்டில் தனியாக இருந்தால், மீதமுள்ள காப்பீடற்ற வண்டியெல்லாம் ஏய்ப்பவர் வண்டி என்று தெரிந்துவிடும். அப்படிப்பட்ட வண்டி ஒருவரை இடித்துப் போட்டால், அவர் குடும்பம் நஷ்டஈட்டுக்காக ஆண்டுக்கணக்கில் அலைவதைத் தீர்ப்பாய வராந்தாக்களில் பார்க்கலாம்.

நிற்கும் வண்டியை ஏட்டில் தனியாகக் குறிக்க பிரிட்டனில் 1998 ஜனவரி 31 முதல் ஒரு முறை இருக்கிறது. வண்டி சாலையில் இல்லை என்று உரிமையாளர் வாகனப் பதிவு முகமைக்குத் தெரிவிக்கிறார். கட்டிய வரியில் மீதமுள்ள முழு மாதங்களுக்கான பணம் திரும்பி வருகிறது. காப்பீட்டுக் கட்டாயமும் அதோடு நிற்கிறது. முன்பு ஆண்டுதோறும் தெரிவிக்க வேண்டியிருந்தது, 2013 இறுதியில் அதையும் எடுத்துவிட்டார்கள். அறிவித்த வண்டியைச் சாலையில் ஓட்டிப் பிடிபட்டால் 2,500 பவுண்டு வரை அபராதம். முன்பதிவு செய்த தகுதிச் சோதனைக்கு ஓட்டிப் போவதற்கு மட்டும் விலக்கு. 2011இல் அவர்கள் சேர்த்த இன்னொரு விதியை நாம் இப்போதைக்கு இறக்குமதி செய்ய வேண்டாம்: அறிவிக்காமலும் காப்பீடு செய்யாமலும் விட்டால், வண்டி ஷெட்டில் நின்றாலும் 100 பவுண்டு அபராதம். முதலில் இங்கும் அப்படி ஓர் அறிவிப்புக்குக் கதவைத் திறப்போம்; நுழையாதவரைத் தண்டிப்பதைப் பிறகு பேசலாம்.

எதிர்வாதம் இருக்கிறது, அது லேசானதும் அல்ல. போர்ச்சுகலில் ஒரு பெண்மணி உடல்நலக் குறைவால் ஓட்டுவதை நிறுத்திக் காரை வீட்டு முற்றத்தில் விட்டிருந்தார். காப்பீடு இல்லை, ஓட்டத்திலிருந்து விலக்கியதாக முறைப்படி அறிவிக்கவும் இல்லை. 2006 நவம்பரில் மகன் அம்மாவுக்குத் தெரியாமல் காரை எடுத்துப் போய் விபத்துக்குள்ளானார். அவரும் உடன் சென்ற இருவரும் இறந்தனர். இழப்பீடு கொடுத்த நிதியம் சுமார் 4,37,000 யூரோவைத் தாயிடம் திருப்பிக் கேட்டது. முறைப்படி விலக்கப்படாத, ஓடக்கூடிய வண்டிக்குக் காப்பீடு கட்டாயமே என்று ஐரோப்பிய நீதிமன்றம் 2018 செப்டம்பரில் சொன்னது. நின்ற வண்டியும் கொல்லும் என்பதை இந்த வழக்கு காட்டுகிறது. அந்தத் தாயை வழக்கில் சிக்க வைத்தது தாக்கல் செய்யப்படாத ஓர் அறிவிப்பு என்பதையும் சேர்த்தே காட்டுகிறது. அறிவித்த வண்டியை யாரேனும் திருடி ஓட்டி இடித்தால் பாதிக்கப்பட்டவருக்குப் பணம் தர, 2019 திருத்தம் உருவாக்கிய மோட்டார் வாகன விபத்து நிதியம் இருக்கிறது. அதன் வரம்பில் இதைத் தெளிவாகச் சேர்த்தால் போதும்.

வண்டி நிற்கிறது என்று ‘ஸ்டாப்பேஜ்’ எழுதிக் கொடுத்துவிட்டு ராத்திரியில் ஓட்டுவார்கள் என்று அதிகாரிகள் சொல்வதிலும் பொய் இல்லை. ஆனால், பிரேக் இன்ஸ்பெக்டர் டார்ச் விளக்குடன் ஷெட் ஷெட்டாகப் போக வேண்டிய காலம் இப்போது இல்லை. சுங்கச்சாவடியில் பதிவாகும் எண்ணை வைத்தே காப்பீடற்ற வண்டிக்கு ஒடிசாவும் பீகாரும் இ-செல்லான் அனுப்புகின்றன. நிற்பதாகச் சொன்ன வண்டி பரனூர் சாவடியைக் கடந்தால் கண்டுபிடிக்க ஒரு நிமிடம் போதும். பிடிபட்டவரிடம் தள்ளுபடி முழுவதையும் வட்டியோடு பிடுங்கட்டும்.

ஒரு விஷயத்தில் மட்டும் விட்டுக்கொடுக்கக் கூடாது. தெருவோரத்தில் நிற்கும் வண்டி நிறுத்தி வைத்த வண்டி அல்ல. காற்று இறங்கி, கண்ணாடி உடைந்து, அடியில் நாய் குட்டி போட்டு, குப்பை லாரி திரும்ப முடியாமல் செய்யும் கார்கள் நம் தெருக்களில் எத்தனையோ. அவை நிற்பது பொது இடம். சொந்த இடம் அல்லது எழுத்துப்பூர்வ அனுமதி பெற்ற இடம், அதன் படம், முகவரி ஆகியவை இல்லாமல் எந்த அறிவிப்பையும் ஏற்கக் கூடாது. தெருவை ஷெட்டாக்கியவருக்குச் சலுகை கொடுத்தால் திட்டமே கெட்டுவிடும்.

வண்டி திரும்பி வரும் வழியையும் எழுதி வைக்க வேண்டும். பதிவு காலாவதியான காரை ஆய்வுக்குக் காட்ட ஆர்.டி.ஓ. அலுவலகம் கொண்டு போக வேண்டும். பதிவும் காப்பீடும் இல்லாமல் சாலையில் இறக்கக் கூடாது. இந்த முடிச்சுக்கு இன்று ‘தெரிந்தவர்’ ஒருவரோ கட்டி இழுக்கும் லாரியோதான் தீர்வு. ஆய்வு நாளுக்கு மட்டும் செல்லும் இணையவழி அனுமதியும் ஒரு நாள் மூன்றாம் நபர் காப்பீடும் இருந்தால் முடிச்சு அவிழ்ந்துவிடும். அறிவிப்புப் பக்கத்தைப் போக்குவரத்துத் துறையின் இணையச் சேவைகளோடு சேர்ப்பது மாநில அரசின் கையில் இருக்கிறது. சட்டப்பேரவையில் அடுத்த மானியக் கோரிக்கையின்போதே அமைச்சர் இதை அறிவிக்கலாம். மாதம் 500 ரூபாய் தாமதக் கட்டணம் மத்திய விதி என்பதால், அறிவித்த காலத்துக்கு அதைத் தள்ளுபடி செய்யச் சொல்லி டெல்லிக்கு எழுத வேண்டும். அந்தக் கடிதத்துக்கு எந்தச் சட்டத் திருத்தமும் தேவையில்லை.